மூன்று தடவை வாசித்த வக்கீல்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, தீர்மானத் தாளை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கும் செயலாளர் தம்பியே, முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் வக்கீலய்யாவின் மகளே, முப்பத்தெட்டு வருடம் அவருக்குத் தட்டச்சு செய்த டைப்பிஸ்ட் அம்மாவே, வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வராதவர்களுக்காகப் போட்டு வைத்திருக்கும் நாற்காலிகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

நாற்காலிக்கு வணக்கம் சொன்னதும் இரண்டு பேர் சிரித்தீர்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வக்கீலய்யாவின் இரங்கல் கூட்டத்துக்கு நூற்றிருபது நாற்காலிகள் போட்டிருக்கிறீர்கள். உட்கார்ந்திருப்பது முப்பத்தொரு பேர். அதிலும் இரண்டு பேர் மைக் செட்காரர்கள். எத்தனை பேருக்காக அந்த மனிதர் கோர்ட்டில் நின்றார்! எத்தனை பேர் அவருடைய பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போனார்கள்! அவர்களெல்லாம் எங்கே? இப்படிக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்பது வருடமாக நானும் ஒரு காலி நாற்காலிதான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மைக்கைத் தாழ்த்தி என்னை உட்கார்ந்து பேச விட்டதற்கு நன்றி. என் கால்கள் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காது. காரணம் பேச்சிலேயே வரும். என் கையில் தாள் இல்லை. எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. காதில் விழுந்தது மட்டும் போகாது. ஒரு தடவை கேட்டால் போதும், ஒட்டிக்கொள்ளும். பல நாள் அதுவே தொல்லை.

எனக்குப் பின்னால் தொங்கும் பேனரைப் பாருங்கள். நம் மனித உரிமைக் கழகத்தின் சின்னம், ஒரு கட்டைவிரல் ரேகை. அது யாருடைய விரல் தெரியுமா? இதோ, இந்த விரல். புதிதாக வந்தவர்கள் யாரோ படம் வரைபவர் வரைந்தது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால், போலீஸ் ஸ்டேஷனில் ஒரு தாளின் அடியில் நான் வைத்த ரேகை. அந்த ரேகையிலிருந்துதான் வக்கீலய்யா இந்தக் கழகத்தைத் தொடங்கினார். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் தொழில் சைக்கிள் ரிப்பேர். என் கடை வக்கீலய்யாவின் ஆபீசுக்கு நேர் கீழே. பக்கவாட்டில் பதினேழு படிகள். மேலே அவருடைய ஜன்னல். எதிரே அப்போது நூல் மில் இருந்தது. அந்த வருடம் மில்லில் ஸ்டிரைக். மில்லுக்குள் இருந்த சைக்கிள் ஸ்டாண்டைப் பூட்டிவிட்டார்கள். அதனால் ஆட்கள் என் கடையோரம் சைக்கிளை நிறுத்தினார்கள். ஒரு நாள் கல் பறந்தது. மேனேஜருக்கு மண்டை உடைந்தது. அன்று என் கடையோரம் நின்றவை நாற்பத்தாறு சைக்கிள்கள். ஒவ்வொன்றும் யாருடையது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று போலீசுக்கும் தெரிந்துவிட்டது.

நான்கு நாள் வைத்திருந்தார்கள். ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் அப்போது இளவட்டம். கேள்வியைச் சத்தமாகக் கேட்கவே மாட்டார். பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்துக் காலை மடக்கிக் கட்டி, உள்ளங்காலில் பிரம்பால் அடிப்பார். நடுநடுவே, "யாரு யாருன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போப்பா" என்று வேண்டியவர் மாதிரி சொல்லுவார். நான் ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை. அதற்கப்புறம் நடந்தது நடக்காமல் இருந்தால், இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். நான்காம் நாள் காலை ஸ்டேஷன் ரைட்டர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். "நேரமாச்சு, கையை வை, கிளம்பு" என்றார். விடுதலைத் தாள் என்று நினைத்து வைத்தேன்.

அந்தத் தாளில் இரண்டு பேர் கல்லெறிந்ததை நான் பார்த்ததாக எழுதியிருந்தது. ஒருவர் பாய்லர்காரர். இன்னொருவர் பண்டல் கட்டுகிறவர். இருவரையும் உள்ளே தள்ளினார்கள். பதினான்கு மாதம்!

பாய்லர்காரரின் மனைவி கடைக்கு வந்தார். நான் ஊன்றிய கம்போடு உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா கத்தவில்லை. "படிக்கத் தெரியாதுன்னா சரி. வாய் இருக்குல்ல? என்ன எழுதியிருக்குன்னு கேட்கவும் தெரியாதா உனக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். பிரம்படியெல்லாம் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வராது.

ஜன்னல் வழியாக அதைக் கேட்டவர் ஒருவர் இருந்தார். பதினேழு படியும் இறங்கி வந்தார். அதுவரை எனக்கு அவர், வாரத்துக்கு ஒரு தடவை டயருக்குக் காற்று அடிக்க வரும் வக்கீல், அவ்வளவுதான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தம்மா உன்னைக் கேட்கலப்பா. எங்களைக் கேட்டுட்டுப் போறாங்க. படிச்சவன் எவனாவது கைநாட்டு வாங்குறதுக்கு முன்னாடி வாசிச்சுக் காட்டியிருக்கானா? நானே காட்டினதில்ல" என்றார்.

வந்திருப்பவர்களே, தன் தொழிலின் குற்றத்தை முதல் வார்த்தையிலேயே ஒப்புக்கொள்ளும் வக்கீலை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒருவரைத்தான் பார்த்தேன்.

அன்று தொடங்கியது அந்த வழக்கம். மனுவை எழுதி முடித்ததும் மூன்று தடவை உரக்க வாசிப்பார். முதல் தடவை நாம் சும்மா கேட்கவேண்டும். இரண்டாம் தடவை குறுக்கே பேசலாம். மூன்றாம் தடவை வாசித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்ப நீ சொல்லு" என்பார். நாம் நம் வாயால் முழுதும் திருப்பிச் சொல்லவேண்டும். எந்த வரி நம் வாயில் வரவில்லையோ அந்த வரி நம்முடையது இல்லை என்று அடித்துவிடுவார். அதற்குப் பிறகுதான் மைப்பெட்டி மேஜைக்கு வரும். ஒரு மனுவுக்கு அரை நாள் போய்விடும். கோர்ட்டில் அவருக்கு 'மூணுதடவை' என்றே பட்டப்பெயர். "என்ன மூணுதடவை, சாப்பாடும் மூணு தடவைதானா?" என்று மற்ற வக்கீல்கள் சீண்டுவார்கள். "வக்கீலுக்குச் சாப்பாடு ஒரு தடவை கிடைச்சா போதாதா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

ஒரு காய்கறிக்காரம்மாவின் மனு. தள்ளுவண்டியை அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வக்கீலய்யா உருக்கமாக எழுதி வாசிக்கிறார்: "மனுதாரர் கண்ணீர் மல்கக் கைகூப்பி வேண்டியும்..."

"நிறுத்துங்க சார்" என்றார் அந்தம்மா. "யாரு கண்ணீர் விட்டா?"

"நீங்கதாம்மா."

"நான் எங்க அழுதேன்? வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதை எழுதுங்க."

"அதை எழுதினா கேஸ் நிக்காதேம்மா."

"நிக்கலைன்னா உட்காரட்டும். அழாதவளை அழுதான்னு எழுதிட்டு நாளைக்கு நான் தெருவுல எப்படி நடப்பேன்?"

அடித்துவிட்டு, "மனுதாரர் அதிகாரியைக் கடுமையாகத் திட்டினார்" என்று எழுதினார். நீதிபதி படித்துவிட்டு, "திட்டியதை ஏன் நீங்களே சொல்கிறீர்கள்?" என்று கேட்டாராம். "அது நடந்தது, ஐயா. மற்றதும் நடந்தது என்று நீங்கள் நம்புவதற்கு அதுதான் எனக்கு ஆதாரம்" என்றாராம். வண்டி திரும்ப வந்தது.

மனிதனை மதிப்பது என்றால் என்ன என்று இந்த மேடையில் நிறையப் பேர் பேசிவிட்டீர்கள். எனக்குத் தெரிந்தது இது: ஒருத்தர் அழவில்லை என்றால் அழுததாக எழுதக்கூடாது. நல்லது செய்வதற்காகக்கூட எழுதக்கூடாது.

ஏமாற்றி வாங்கிய ரேகை செல்லாது என்று போட்ட என் மனுவுக்கு வருகிறேன். "எப்படி வலிச்சுது?" என்று அவர் கேட்டபோது நான் சொன்னது: "அடி விழுந்தது கால்ல ஐயா. வலிச்சது பல்லு."

பேனாவை நிறுத்திவிட்டு, "எந்தப் பல்லு?" என்றார்.

"எல்லாப் பல்லும்."

அப்படியே எழுதினார். மூன்று தடவை வாசித்தார். மூன்று தடவையும் அது என் வாயில் வந்தது.

கோர்ட்டில் அரசுத் தரப்பு வக்கீல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். "காலில் அடித்தால் பல் எப்படி வலிக்கும்? பல் டாக்டரைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா?" என்றார். கோர்ட்டே சிரித்தது. ஓரத்தில் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற அந்த இன்ஸ்பெக்டரும் சிரித்தார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். என்னை விட்டால் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். நீதிபதி ஒருவர், வக்கீலய்யா ஒருவர். பாய்லர்காரரும் பண்டல் கட்டுகிறவரும் வெளியே வந்தார்கள். நான் வைத்த ரேகை செல்லாது என்று தீர்ப்பு ஆனது. அந்த ரேகையைத்தான் நம் கழகம் பேனரில் போட்டது. இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே மேலே போய், பெரிய அதிகாரியாக ஓய்வு பெற்றார்.

அடுத்த முப்பத்திரண்டு வருடம் வக்கீலய்யாவின் காது நான்தான். எந்த மனு எழுதினாலும் என்னிடம் ஒரு தடவை வாசிப்பார். "படிச்சவனுக்குப் பொய் கண்ணுல தெரியாது. உனக்குக் காதுல தெரியும்" என்பார். நான் ஸ்போக்ஸ் கட்டிக்கொண்டே, "மூணாவது வரி வேகமாப் போகுது, ஏதோ மறைக்கிறாங்க" என்பேன். சரியாகத்தான் இருக்கும்.

இப்போது ஒன்பது வருடத்துக்கு முன்னால் வருகிறேன். இந்த இடத்தில் மேடை கொஞ்சம் நெளியும் என்று தெரியும். நெளியட்டும்.

ஒரு நாள் காலை வக்கீலய்யா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். அப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒரு மனு இருக்கு. உன் காது வேணும்."

"வாசிங்க."

யாருடையது என்று சொல்லாமல் நடுவிலிருந்து ஆரம்பித்தார். மூன்று நாள் காவலில் வைத்தது, பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்தது, காலை மடக்கிக் கட்டியது. நான் ரிம்மைச் சுழற்றிக்கொண்டே கேட்கிறேன். கடைசியில் வந்தது: "அடி விழுந்தது காலில். வலித்தது பல்லில்."

நான் சிரித்துவிட்டேன். "என்ன ஐயா, என் மனுவை எனக்கே வாசிக்கிறீங்க?"

"இது உன்னுது இல்ல."

"பின்ன?"

சொன்னார். அதே இன்ஸ்பெக்டர். ஓய்வு பெற்ற பிறகு ஏதோ ஒரு வழக்கில் அவரையே பிடித்துக்கொண்டு போய், அவருடைய துறையின் இளம் ஆட்களே, அவர் கற்றுக்கொடுத்த மாதிரியே அடித்திருக்கிறார்கள். எந்த வக்கீலும் அவருக்காக வர ஒப்புக்கொள்ளவில்லை.

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே போட்டேன். "என் பல்லைப் பிடுங்கி அவன் வாயில வச்சிட்டீங்களா?" என்றேன்.

"நான் வைக்கலப்பா. அவரு..."

"முப்பத்திரண்டு வருஷம் உங்களுக்குக் காதா இருந்தேனே, அதுக்கா? உங்களுக்கு ஒரு வரி தேவைப்பட்டா என் உடம்புல இருந்துதான் எடுப்பீங்களா?"

"ஒரு நிமிஷம் கேளு."

"கேட்டுக் கேட்டுத்தான் காது புண்ணாயிருக்கு. படியேறிப் போங்க ஐயா."

போய்விட்டார். பதினேழு படியிலும் அவர் காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டு நின்றேன்.

அந்த வாரமே கழகம் கூடியது. "கொள்கைக்கு விரோதமாகச் சித்திரவதைக்காரருக்கு வழக்காடுவதால், நிறுவனரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறோம்" என்று தீர்மானம். வேகமாக ஒரே ஒரு தடவை வாசித்தார்கள். பேனரில் இருக்கும் விரலே வைத்தால் நன்றாக இருக்கும் என்று மைப்பெட்டியை என்னிடம் நீட்டினார்கள். வைத்தேன். இந்தத் தடவை யாரும் என்னை அடிக்கவில்லை. யாரும் ஏமாற்றவும் இல்லை. நானாகவே வைத்தேன்.

வக்கீலய்யா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மூணு தடவை வாசிச்சீங்களா?"

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் ஆட்கள் குறைந்தார்கள். கழகத்தின் மூலமாக வருகிறவர்கள் நின்றார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். மேலே ஆறு பேர் உட்காரும் பெஞ்சில் ஒருவர், அப்புறம் வாரத்துக்கு ஒருவர், அப்புறம் தூசி. ஆனால் காலை பத்து மணிக்கு ஜன்னல் திறக்கும். வாசிக்கிற சத்தம் கேட்கும். முதலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். படியில் யாரும் ஏறவில்லையே! தபாலில் வந்த விஷயத்தை வைத்து எழுதிய மனுக்களை, பழைய மனுக்களை, எதிரே ஆள் இருக்கிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு வரியில் நிறுத்துவார். "இல்ல சார், அப்படி இல்ல" என்று யாராவது சொல்லவேண்டிய இடம் அது. கொஞ்ச நேரம் காத்திருப்பார். யாரும் சொல்லமாட்டார்கள். மறுபடி தொடர்வார்.

ஒரு மனிதர் மறுப்புக்காகக் காத்திருந்து, அது வராமல் தொடர்ந்து வாசிப்பதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அதைவிடத் தனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரி ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். "அந்த மனுஷன் ஒத்தையிலே பேசிக்கிட்டு இருக்காரு. மேல போய் என்னன்னு கேட்டா உன் கால் ஒடிஞ்சா போகும்?" என்றாள். நான் குனிந்து டியூபைத் தேய்த்தேன். "அதான் ஏற்கெனவே ஒடிச்சாச்சே, இன்னும் என்ன பயம்?" என்று அவளே சொல்லிவிட்டுப் போனாள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை அவர் வாசித்தது என் மனு. அந்த நாற்பது வருடத்துக்கு முந்தைய மனு. கீழே நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருக்கிறேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது போலும், ஒரு வரியைத் தாண்டிவிட்டார். "இரண்டாம் நாள் என் மனைவி கொண்டுவந்த சட்டையை உள்ளே விடவில்லை" என்ற வரி. அவர் நிறுத்திவிட்டார். ஏதோ குறைகிறது என்று அவருக்குத் தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை. என் வாய் அந்த வரியைச் சொல்லிவிட்டது, ஐயா! தானாகச் சொல்லிவிட்டது! ஆனால் தண்ணீர்த் தொட்டிக்குள் குனிந்து சொன்னேன். மேலே கேட்கிற மாதிரி சொல்லவில்லை. பதினேழு படி ஏறவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

பதினொரு நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி. துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்காக எழுதிய மனுவை வாசித்துக்கொண்டிருந்தார். "மனுதாரர் கேட்டுக்கொள்வது என்னவென்றால்" என்று வந்தது. நின்றது. தண்ணீர் குடிக்கிறார் என்று நினைத்தேன். நான் ஒரு டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். அடித்து முடித்தேன். இன்னொரு டயருக்கும் அடித்தேன். அந்த வாக்கியம் முடியவே இல்லை. டைப்பிஸ்ட் அம்மா வந்து மேலே ஏறி, அங்கிருந்து அலறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. கண்ணாடி மூக்கில் இருந்தது, தாள் கையில் இருந்தது, எதிரே காலி பெஞ்சு இருந்தது என்று அந்தம்மா சொன்னார். ஒன்பது வருடத்தில் அன்றுதான் நான் அந்தப் படியேறினேன்.

ஐயாவை எடுக்கிற அன்று என் கடையோரம் ஒரு கிழவர் வந்து நின்றார். வலது காலுக்கு ஒரு தடவை, இடது காலுக்கு ஒரு தடவை என்று பாரத்தை மாற்றி மாற்றி நின்றார். முகம் எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அந்த நிற்கும் விதம் பிடிபட்டது. கண்ணாடிக் கடை முன்னால் போனால் நான் பார்க்கும் நிற்பு அது. என் நிற்பு!

"இங்க கொஞ்சம் நின்னுக்கலாமா?" என்றார் அந்தப் பழைய இன்ஸ்பெக்டர்.

ஸ்டூலைக் காலால் தள்ளினேன். உட்கார்ந்தார். யாரிடமோ சொல்வது போல, "பல்லெல்லாம் விழுந்து, கட்டினதுதான் இருக்கு. இன்னும் வலிக்குது" என்றார்.

"எனக்கும்" என்றேன்.

எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். நான் மன்னிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. நான் அழவில்லை, அழுதேன் என்றும் எழுதிவிடாதீர்கள்.

ஆனால் அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் டைப்பிஸ்ட் அம்மாவிடம் கேட்டேன். "அந்த வரியை ஐயாதானே அவருக்கு எழுதிக் கொடுத்தாரு?"

அந்தம்மா கையில் இருந்த சாவிக்கொத்தைக் கீழே வைத்தார். "ஒன்பது வருஷமா இதை நீங்க கேட்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன், அண்ணே. ஐயா என்னைச் சொல்லவிடலை. அவனாக் கேட்கட்டும், நாமளாப் போய்ச் சொன்னா அது வக்காலத்து ஆயிடும்னாரு. நான் மெஷின்ல உட்கார்ந்திருக்கேன். எப்படி வலிச்சுதுன்னு ஐயா கேட்டாரு. அடி கால்லதான் விழுந்துச்சு, வலிச்சது பல்லுன்னு அந்த ஆளு சொன்னாரு. சொன்ன வேகத்துல கையால வாயைப் பொத்திக்கிட்டாரு. அன்னைக்குக் கோர்ட்ல நான் சிரிச்சேன்லன்னு கேட்டாரு. ஐயா எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்னுட்டாரு. அப்புறம் என்கிட்ட வந்து, இந்த வரியை எடுத்துடலாமாம்மா, கீழ இருக்கிறவன் கேட்டா நொந்துபோவானேன்னாரு. அவரே சொன்னாரு, வேண்டாம், இது இவரு வாயிலயும் வந்துடுச்சு, அடிக்க நமக்கு உரிமை இல்லைன்னு. மொதல்ல உங்ககிட்டதான் வாசிக்கணும்னு இறங்கி வந்தாரு."

வந்தார். நான்தான் கேட்கவில்லை.

அவையோரே! என் வரியை யாரோ திருடிவிட்டார்கள் என்று ஒன்பது வருடம் கோபமாக இருந்தேன். திருட்டே நடக்கவில்லை! அடித்த கைக்குச் சொந்தக்காரருக்கும் அடிபட்ட காலுக்குச் சொந்தக்காரனுக்கும் ஒரே வாக்கியம் வந்திருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்திருக்கிறது! மானுடம், மனித மாண்பு, உலகப் பிரகடனம் என்று இங்கே எவ்வளவோ பேசுகிறோம். எனக்கு அந்தச் சொற்களைப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்த மானுடம் இவ்வளவுதான்: காலில் அடித்தால் பல் வலிக்கும். எனக்கும் வலிக்கும். அவருக்கும் வலிக்கும். அடித்தவன் என்பதால் அவருக்குக் குறைச்சலாக வலிக்காது. நல்லவர்களுக்கு மட்டும் உரிமை என்றால் அதற்குக் கழகம் எதற்கு, பேனர் எதற்கு, என் விரல் எதற்கு? இது வக்கீலய்யாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததற்காக ஒரு காலி பெஞ்சைப் பார்த்து ஒன்பது வருடம் வாசித்தார்.

இனி இன்றைய விஷயம். இந்தக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் செயலாளர் தம்பி மைப்பெட்டியோடு என்னிடம் வந்தார். இரங்கல் தீர்மானம், முதல் ரேகை என்னுடையதாக இருக்கவேண்டும் என்றார். "வாசிச்சுக் காட்டு தம்பி" என்றேன். "ஐயா, நேரமாச்சு, கையை வைங்க, உள்ள போய்ப் பார்த்துக்கலாம்" என்றார். தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ நல்ல பிள்ளை. ஆனால் இதே வார்த்தையை இதற்கு முன்னால் ஒரு ஸ்டேஷன் ரைட்டர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

டைப்பிஸ்ட் அம்மா வாசித்துக் காட்டினார். நல்ல தீர்மானம். பெரிய பெரிய புகழ் இருக்கிறது. ஐந்தாவது வரி இப்படிப் போகிறது: "தம் வாழ்நாள் முழுவதும் ஏழை எளியோருக்காகவும் ஒடுக்கப்பட்டோருக்காகவும் மட்டுமே வழக்காடினார்." அந்த 'மட்டுமே' பொய். அந்த ஒன்பது வருடத்தை வழித்தெடுத்துவிட்டு நமக்குப் பிடித்த வக்கீலய்யாவை மட்டும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறோம். இது அந்தக் காய்கறிக்காரம்மாவை அழுததாக எழுதுகிற வேலை. அந்தம்மா இருந்திருந்தால் நம்மை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார்.

இரண்டு தடவை இந்த விரலைத் தப்பாக வைத்தேன். ஒரு தடவை அதில் இரண்டு பேர் பதினான்கு மாதம் உள்ளே கிடந்தார்கள். இன்னொரு தடவை அதில் ஒருவர் ஒன்பது வருடம் அந்த அறையில் தனியாகக் கிடந்தார். மூன்றாவது தடவை வைக்கமாட்டேன். பேனரில் இருக்கும் விரல் இல்லாமல் தீர்மானம் போகவேண்டும் என்றால் போகட்டும்.

நான் கேட்பது இரண்டு வரி. "தம் கட்சிக்காரரைச் சித்திரவதை செய்த காவல் அதிகாரி சித்திரவதை செய்யப்பட்டபோது, அவருக்காகவும் வழக்காடினார். அதற்காக நாம் அவரைத் தனியே விட்டோம்." இதைச் சேருங்கள். 'விட்டார்கள்' இல்லை, 'விட்டோம்'. அதில் முதல் ஆள் நான் என்று என் விரல் சொல்லும்.

வக்கீலய்யாவின் மகளே, உங்கள் அப்பாவின் ஆபீசைக் காலி செய்யப்போவதாகக் கேள்விப்பட்டேன். அலமாரியைக் கொடுத்துவிடுங்கள், மேஜையைக் கொடுத்துவிடுங்கள். அந்த ஆறு பேர் பெஞ்சை மட்டும் என் கடைக்கு இறக்கிவிடுங்கள். இந்த ஊரில் மனு எழுதுகிற யாராக இருந்தாலும், யாருக்காக எழுதினாலும், அடிபட்டவருக்கென்றாலும் அடித்து அடிபட்டவருக்கென்றாலும், கைநாட்டு வாங்குவதற்கு முன்னால் அங்கே வந்து உரக்க வாசியுங்கள். ஸ்போக்ஸ் கட்டிக்கொண்டே நான் கேட்பேன். தப்பு இருந்தால் "இல்ல, அப்படி இல்ல" என்று சொல்லுவேன். என்னால் ஆனது அதுதான். நான் இருக்கும் வரை அந்தப் பெஞ்சுக்கு எதிரே யாரும் தனியாக வாசிக்கவேண்டாம். மூணுதடவை வக்கீலே, உங்கள் எதிரில் உட்கார்ந்து சொல்லவேண்டியதை, நீங்கள் இல்லாத இடத்தில் சொல்கிறேன்: இது சத்தியம்.

அந்தத் துப்புரவுக்காரப் பெண் வந்திருக்கிறாரா? அதோ, தூண் பக்கத்தில். அம்மா, உங்கள் மனு பாதியில் நிற்கிறது. நாளைக் காலை கடைக்கு வாருங்கள். டைப்பிஸ்ட் அம்மா வாசிப்பார்.

தம்பி, எழுந்திரு. பேனாவை எடுத்து அந்த இரண்டு வரியைச் சேர். அந்த 'மட்டுமே'யை அடி. கடிகாரத்தைப் பார்க்காதே. மைப்பெட்டியை மூடியே வை. அது இப்போது வேண்டாம்.

மனுதாரர் கேட்டுக்கொள்வது என்னவென்றால், முதல் வரியிலிருந்து வாசி. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசி. மூன்று தடவை வாசி.

நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.